குதிரை முதுகுக்குக் கீழே

ஒரிகாசா மினெகோ முதன்முதலாகப் பனிச்சறுக்குப் பலகையில் கால்களைப் பூட்டிக்கொண்டு நின்றபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. நின்றாள் என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். எழுந்தாள், உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். ஐந்து வயதுக் குழந்தைகள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கோழிக்குஞ்சுகள் மாதிரி அவளைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனார்கள்.

"பெரியம்மா, கையை ஊனாதீங்க. ஊனினா மணிக்கட்டு போயிடும். முஷ்டி பிடிச்சுக்கிட்டு விழுங்க" என்றாள் கற்றுக்கொடுக்க வந்த தொமோயே.

"விழற நேரத்துல முஷ்டி ஞாபகம் எவளுக்கு வரும்?"

"அதுக்குத்தான் விழுந்து விழுந்து பழகணும். முன்னால விழுந்தா முழங்கையோட மொத்தமா விழுங்க. பின்னால விழுந்தா தாடையை நெஞ்சுல ஒட்டிக்கோங்க. தொப்புளைப் பாக்கற மாதிரி."

"இத்தனை உடுப்புக்குள்ள தொப்புள் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

தொமோயே சிரித்தாள். மினெகோ சிரிக்கவில்லை. சிரிப்பதற்காக அவள் அங்கே வந்திருக்கவில்லை.

ஹினோகுரா பனித்திடலின் அடிவாரத்தில் உள்ள உணவுக்கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். பன்றி இறைச்சியும் முள்ளங்கியும் போட்ட மிசோ சூப்பை அவள் கை அகப்பை எத்தனை ஆயிரம் கிண்ணங்களில் ஊற்றியிருக்கும் என்று கணக்கில்லை. ஆனால் ஒரு தடவைகூட லிஃப்டில் ஏறி மேலே போனதில்லை. அவள் கடலோரத்துக்காரி. மீன் ஏலம் போடும் கூச்சலில் வளர்ந்தவள். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த பிறகு, பனி என்றால் அவளுக்குக் கூரையிலிருந்தும் வாசலிலிருந்தும் அள்ளிக் கொட்ட வேண்டிய பாரம், அவ்வளவுதான். அதன்மேல் ஏறிச் சறுக்குவதற்கு டோக்கியோவிலிருந்து ரயிலேறி வருகிறவர்களைப் பார்த்து முதல் சில வருடம் ஆச்சரியப்பட்டாள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மகள் ஷிஹோ அப்படியில்லை. ஒன்பது வயதில் பலகையில் ஏறினாள். பள்ளி விட்டதும் பையை உணவுக்கூடத்து மூலையில் எறிந்துவிட்டு ஓடினால், லிஃப்ட் நின்ற பிறகுதான் திரும்புவாள். படிப்பு முடிந்து இரண்டு வருடம் நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்துவிட்டு, 'அங்கே ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல்தான் தெரிகிறது' என்று திரும்பி வந்துவிட்டாள். வார நாட்களில் பலகைகளை வாடகைக்கு விடும் மேசையில் இருந்தாள். சனி ஞாயிறுகளில் புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்தாள். அவளும் தொமோயேவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது ஷிஹோ வாய் ஓயாமல் பேசுவாள். இன்றைக்குப் பனி எப்படி இருந்தது, திருப்பத்தில் எடை எங்கே விழுந்தது, எந்தச் சரிவில் விளிம்பு கத்தி மாதிரி இறங்கியது. மினெகோ 'ம்' கொட்டிக்கொண்டே மறுநாளைக்கு வேண்டிய வெங்காயத்தை மனதில் எண்ணிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பிப்ரவரி ஞாயிறன்று கூட்டம் அலைமோதியது. பரிமாறுகிற பெண்களில் ஒருத்தி காய்ச்சலில் வரவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் மினெகோ மகளைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

"எங்கடி இருக்க? இங்க வரிசை கதவுக்கு வெளிய போயிடுச்சு. கொஞ்சம் வந்து கை குடு."

"இதோ வந்துட்டேன்மா. சூப்பு தீர்ந்துடாம பாத்துக்கோ, பசி உயிர் போகுது."

அதுதான் கடைசி. அரை மணி நேரம் கழித்து, மீட்புக் குழுத் தலைவர் ஹோஷினா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். பின்னாலிருந்து வேகமாக வந்த ஒருவன், சரிவில் உட்கார்ந்திருந்த ஷிஹோமேல் மோதிவிட்டான். தலைக்கவசம் உடையவில்லை. கழுத்துதான். நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தும் சாயங்காலத்தைத் தாண்டவில்லை. அவளுக்கு இருபத்து மூன்று வயது.

மோதியவன் பெயர் சகுமா ரியோஹெய். சைத்தாமாவிலிருந்து நண்பர்களோடு வந்த கல்லூரி மாணவன், வயது இருபது. அவன் முழங்கால் சிதறிப்போனது. ஊன்றுகோலோடு பெற்றோரைக் கூட்டிக்கொண்டு நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முன்னால் வீட்டுக்கு வந்தான். வாசல் பனியில் பெற்றோர் மண்டியிட்டார்கள், அவன் ஊன்றுகோலில் சாய்ந்து தலைகுனிந்தான். அவன் தாய் கொண்டுவந்த வெள்ளைப் பூவையும் இனிப்புப் பெட்டியையும் மினெகோ வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே தெருவோர வாய்க்காலில் போட்டாள். கணவன் குனியோ அவள் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகும் அந்தப் பையன் இரண்டு முறை கடிதம் எழுதினான். அவள் பிரிக்கவில்லை.

அவளிடம் இரண்டே இரண்டு விஷயங்கள் மிஞ்சின. ஒன்று, அந்தப் பையன்மேல் இருந்த வெறுப்பு. காலையில் கண் விழித்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள். இன்னொன்று, மகளின் கடைசி வார்த்தை. சண்டையில் பிரியவில்லை, கோபத்தில் பிரியவில்லை, பசிக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். லிஃப்டில் ஏறிப் போகும்போது எடுத்துப் பேசியிருப்பாள் என்று மினெகோ நினைத்துக்கொண்டாள். அந்தக் குரலை மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கேட்டால்தான் தூக்கம் வந்தது.

போலீஸ் விசாரணையில் ரியோஹெய் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. 'மேட்டைத் தாண்டும் வரை அவர் என் கண்ணில் படவே இல்லை.' குனியோதான் காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொண்டான். இந்த ஒன்றை மட்டும் அவன் வாயால் கேட்டாள்.

"பொய். பட்டப்பகல். வெளிச்சம். அவ சட்டை ஆரஞ்சுக் கலரு. கண்ணுல படாம எப்படி இருக்கும்?"

குனியோ காகிதங்களை மடித்து அலமாரியில் வைத்தான். அவன் பேச்சு எப்போதுமே குறைச்சல். பனித்திடலில் சரிவுகளை அழுத்திச் சமன்படுத்தும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன். ஊர் எழுவதற்குள் மலையை வாரி விட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்வான்.

அந்த இடத்துக்கு 'குதிரை முதுகு' என்று பெயர். மேல் லிஃப்டிலிருந்து இறங்கி வரும் சரிவு நடுவில் ஒரு தடவை புடைத்து, அதற்கப்புறம் சட்டென்று இறங்கும். மினெகோ கோடையில் மூன்று தடவை நடந்து ஏறிப் போய்ப் பார்த்தாள். தொடை உயரத்துக்குப் புல். புல்லுக்குள் மேடும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. நாலு மீட்டர் பனி விழுந்து உறைந்த பிறகுதான் அந்த முதுகு எழுந்து வரும் என்றார்கள். பனி விழுந்ததும் தானே பனிவண்டியில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாக ஹோஷினா சொன்னார்.

"வேண்டாங்க. வண்டில உக்காந்து பாக்கறதும், பலகைல இறங்கி வர்றவன் பாக்கறதும் ஒண்ணாயிடாது. அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியணும்."

"மினெகோ-சான், அந்தச் சரிவு கத்துக்குட்டிங்களுக்கு இல்ல. அங்க இறங்கணும்னா ரெண்டு சீசனாவது ஆகும்."

"எனக்கு வேற என்ன வேலை இருக்கு?"

இப்படித்தான் மகள் போன மூன்றாவது குளிர்காலத்தில் அவள் தொமோயேவிடம் போய் நின்றாள். தொமோயே முதலில் மறுத்தாள். பிறகு, ஷிஹோவின் பூட்ஸ் பெரியம்மாவின் காலுக்குச் சரியாக இருந்ததைப் பார்த்ததும் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

உணவுக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஃபுசாயேவுக்கு வாய் நீளம். "நாப்பத்தெட்டு வயசுல ஒலிம்பிக்ஸுக்குக் கிளம்பிட்டியா? மெடல் வாங்கிட்டு வந்தா அதுல முள்ளங்கி சீவலாம்" என்பாள். ஆனால் மினெகோ நொண்டிக்கொண்டு வரும் நாட்களில் அவளை உட்காரவைத்துவிட்டு, கனமான அண்டாக்களைத் தானே தூக்குவாள்.

முதல் பாடம் நிற்பது. இரண்டாவது, குதிகால் விளிம்பில் பலகையைக் குறுக்கே போட்டு, பனியைச் சுரண்டிக்கொண்டே மெதுவாக இறங்குவது. அதற்குப் பிறகு அதே நிலையில் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று அலைந்து அலைந்து இறங்குவது. மரத்திலிருந்து இலை உதிர்கிற மாதிரி இருப்பதால் அதற்கு 'இலையுதிர்' என்றே பெயர். ஒரு மாதம் முழுக்க மினெகோ இலையாகவே உதிர்ந்துகொண்டிருந்தாள்.

விரல் பக்க விளிம்புதான் அவளைக் கொன்றது. மலையைப் பார்த்து, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சாய்ந்த கணமே கீழ் விளிம்பு பனியில் மாட்டி, யாரோ காலை வாரிவிட்ட மாதிரி மல்லாக்கப் போய் விழுவாள்.

"காலைப் பாக்காதீங்க பெரியம்மா. காலு அங்கதான் இருக்கு, எங்கயும் ஓடாது. போகவேண்டிய எடத்தைப் பாருங்க. கண்ணு போனா தோள் போகும், தோள் போனா இடுப்பு போகும், பலகை தானா வரும்."

"முட்டி மடங்க மாட்டேங்குதுடி."

"முட்டியை மடக்க வேணாம். பூட்ஸோட நாக்குல காலோட முன் எலும்பைச் சாய்ச்சுக்கோங்க. அது உங்களைத் தாங்கும். நம்புங்க."

நம்புவதற்கு ஒரு குளிர்காலம் ஆனது.

திருப்பங்களோடு சேர்த்துத் தொமோயே இன்னொன்றையும் விடாமல் சொல்லிக்கொடுத்தாள். நகரத் தொடங்கும் முன் தலையைத் திருப்பி மேலே பார். கீழே இருக்கிறவருக்குத்தான் முதல் உரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும். நிற்க வேண்டுமென்றால் ஓரத்துக்குப் போ. மேட்டுக்குக் கீழே ஒருபோதும் நிற்காதே, உட்காரவே உட்காராதே. ஒவ்வொரு தடவையும் மினெகோ மனதுக்குள் கேட்டுக்கொள்வாள்: இதையெல்லாம் ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் அங்கே ஏன் உட்கார்ந்தாள்? பலகைக் கட்டு தளர்ந்திருக்கும். அல்லது மூச்சு வாங்கியிருக்கும். அதற்குமேல் யோசிக்க மாட்டாள். யோசனை சுற்றி வந்து அந்தப் பையனிடமே நிற்கும்.

அடுத்த குளிர்காலம், மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. வார நாள், கூட்டமில்லை. உணவுக்கூடத்தில் பதினோரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு மினெகோ தொமோயேவோடு மேல் லிஃப்டில் ஏறினாள்.

"இன்னிக்கா?" என்றாள் தொமோயே.

"இன்னிக்குத்தான்."

மேட்டுக்குக் கீழே எந்த இடம் என்று தொமோயேவுக்குத் தெரியும். ஹோஷினாவிடம் கேட்டு, ஓரத்தில் இருந்த ஒரு பெரிய மரத்தை அவள் அடையாளம் வைத்திருந்தாள். மேலே வேறு யாரும் வராதபடி ஹோஷினாவே லிஃப்டின் மேல்முனையில் நின்று ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தார். தொமோயே முதலில் இறங்கிப் போய் அங்கே உட்கார்ந்தாள். அவள் சட்டை சிவப்பு.

மினெகோ மேலிருந்து புறப்பட்டாள். குதிகால், விரல், குதிகால். மெதுவாகத்தான் வந்தாள். கண்ணைச் சரிவிலேயே வைத்திருந்தாள். சிவப்பு தெரியவில்லை. குதிரை முதுகின் உச்சி நெருங்கியது. அதற்கப்பால் பள்ளத்தாக்கின் எதிர்மலைதான் தெரிந்தது, நடுவில் எதுவுமே இல்லாத மாதிரி. உச்சியில் ஏறினாள். அப்போதும் இல்லை. பலகையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்த அந்தக் கணத்தில், காலடியிலேயே முளைத்தது மாதிரி சிவப்பு முதுகு.

அவள் வந்த மெதுவான வேகத்துக்கே நேரம் போதவில்லை. விளிம்பை அழுத்திப் பனியைச் சிதறடித்து, தொமோயேவைத் தாண்டி இரண்டு ஆள் நீளம் போய்த்தான் நிற்க முடிந்தது.

"நான் வர்றது உனக்குத் தெரிஞ்சுதா?"

தொமோயே தலையாட்டினாள். "பனியைச் சுரண்டற சத்தம் கேட்டுச்சு. திரும்பறதுக்குள்ள வந்துட்டீங்க."

பலகையோடு உட்காருகிறவர்கள் பள்ளத்தைப் பார்த்துத்தான் உட்கார முடியும். முதுகு எப்போதும் மேலே, வருகிறவர்கள் பக்கம். மினெகோவுக்கு அது உடம்பாலேயே தெரியும் இப்போது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவள் நின்ற இடத்திலேயே பனியில் உட்கார்ந்தாள். தொமோயே ஹோஷினாவிடம் ஏதோ சைகை காட்டுவதற்காகப் பலகையைக் கழற்றி மேட்டின்மேல் ஏறிப் போனாள்.

அப்போது கைபேசி அடித்தது.

மினெகோ வலது கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சட்டையின் ஜிப்பை இறக்கி, உள்பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தாள். ஃபுசாயே.

"எங்க இருக்க? பஸ் நிறைய ஆளுங்க வந்து இறங்கிட்டாங்க. சீக்கிரம் வாயேன், கை பத்தல."

"இதோ வந்து..."

"பெரியம்மா!" மேலிருந்து தொமோயே கத்தினாள். "அங்க உக்காராதீங்க! எந்திரிங்க, எந்திரிங்க! லிஃப்டை விட்டுட்டாங்க!"

மினெகோ எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த கையுறையைப் பார்த்தாள். மருத்துவமனையில் மகளின் துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தபோது அதில் இடது கையுறை மட்டும்தான் இருந்தது. மற்றது பனியில் தொலைந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். பலகையில் இறங்கி வருகிறவளால் ஓடிக்கொண்டே போன் எடுக்க முடியாது. நிற்க வேண்டும். உட்கார வேண்டும். கையுறையைக் கழற்ற வேண்டும். இரண்டு சீசன் பனியில் விழுந்து எழுந்த பிறகுதான் அவளுக்கு இது தெரியவேண்டியிருந்தது.

தொமோயே ஓடி வந்து அவளை அக்குளில் கைகொடுத்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கைபேசியில் ஃபுசாயே 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மினெகோவும் குனியோவும் கூரையில் ஏறிப் பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாக அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பாதிக் கூரை முடிந்ததும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஷிஹோவோட வலது கையுறை எங்க இருக்கு?"

குனியோ குனிந்தபடியே இருந்தான். பிறகு நிமிர்ந்தான். "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானும் அங்கதான் உக்காந்தேன். எனக்கும் போன் வந்துச்சு."

"என் வண்டில இருக்கு" என்றான். "ஹோஷினா குடுத்தாரு. தனியாக் கெடந்துச்சாம்."

"அப்ப உனக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும். போலீஸ்லயும் சொன்னாங்க, போன் வந்த நேரம் எல்லாம்."

"அந்தப் பையன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு?"

"தெனம் அந்த மேட்டுல வண்டி ஏத்தி எறக்கறவன் நான். எனக்குத் தெரியாதா? வர்ற கோடைல அதை வெட்டி எறக்கிடலாம்னு கம்பெனில கேட்டேன். அரசாங்கக் காடு, மண்ணைத் தொடக்கூடாதுன்னுட்டாங்க."

"நாலு வருஷம். நான் அந்தப் பையனை எப்படியெல்லாம் சபிச்சேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருக்க."

குனியோ கையுறையின் புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சொல்லி என்ன ஆகப்போவுது? நீ அவனைத் திட்டிக்கிட்டாவது ரெண்டு வாய் சாப்பிட்ட. அதையும் புடுங்கிட்டா நீ எதைப் புடிச்சுக்கிட்டு எந்திரிப்ப? பொண்ணு போயிட்டா. நீயும் போயிட்டா நான் யாருக்காகக் கூரையைத் தள்றது?"

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மீதிக் கூரையையும் தள்ளி முடித்துவிட்டு இறங்கினார்கள். அன்று முழுவதும் அவள் அடியில் கணப்பு வைத்துப் போர்வை மூடிய மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, பிரிக்காமல் வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் படித்தாள். அவற்றில் போனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த இரவு முதல் மகளின் குரலை அவளால் மனதில் கேட்க முடியவில்லை. 'இதோ வந்துட்டேன்மா' என்று தொடங்கும்போதே கைகள் காதைப் பொத்திக்கொள்ளப் போகும்.

ரியோஹெய்க்கு அவள் எழுதிய கடிதம் நாலு தடவை கிழிந்து ஐந்தாவது தடவை தபாலுக்குப் போனது. இரண்டே வரிகள்தான். நான் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். முடிந்தால் ஒரு தடவை வாருங்கள்.

ஏப்ரலில், சீசனின் கடைசி ஞாயிறன்று அவன் வந்தான். பனி உளுத்து, சரிவில் அங்கங்கே மண் தெரிய ஆரம்பித்திருந்தது. உணவுக்கூடத்தில் நாலைந்து பேர்தான். கருப்புக் கோட்டு போட்டு, வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு ஓர் ஆள் கதவருகில் நின்றபோது ஃபுசாயேதான் முதலில் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

இருபத்து நாலு வயது. ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறானாம். பனிக்கு அதற்குப் பிறகு போனதில்லையாம். மினெகோ ஒரு கிண்ணம் சூப்பை அவன் முன் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். எல்லாம் மறந்துவிட்டது.

"மேலேர்ந்து வர்றவங்களுக்கு அங்க இருக்கற ஆள் தெரியாது. நானே பாத்தேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியாதுங்கறது உண்மைதாம்மா. ஆனா தெரியாத எடத்துல வேகத்தைக் கொறைக்கணும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குக் காலைலேர்ந்து நாலு தடவை அதே வழியா வந்தேன். அந்த மேடு தாண்டும்போது வயித்துக்குள்ள ஜில்லுனு ஆகும். அது நல்லா இருந்துச்சு. அஞ்சாவது தடவை இன்னும் வேகமா வந்தேன். அவ்வளவுதான்."

மினெகோ கிண்ணத்தை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு கேட்டாள். "அவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா? கடைசியா?"

"அதை எதுக்கு..."

"சொல்லுப்பா. போன்தானே?"

அவன் கிண்ணத்திலிருந்து கண்ணை உயர்த்தினான். "பேசி முடிச்சுட்டாங்க. போனை உள்ள வச்சு ஜிப்பை இழுத்துக்கிட்டிருந்தாங்க. இன்னும் அஞ்சு செகண்டு போயிருந்தா எந்திரிச்சிருப்பாங்க. போலீஸ்ல கேட்டப்ப சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. சொன்னா, என் தப்பை உங்க தலைல தூக்கி வைக்கற மாதிரி ஆயிடும்னு..."

"நான்தான் கூப்பிட்டேன்."

"தெரியும்மா."

சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அம்மா பொண்ணைக் கூப்பிடறதுல என்ன தப்பு?" என்றான் அவன்.

"கண்ணுக்குத் தெரியாததை நீ எப்படித் தம்பி பாத்திருக்க முடியும்?" என்றாள் அவள்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பவில்லை. ஆனாலும் சொன்னார்கள். அவன் ஆறிப்போன சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். குடிக்கும்போது அவன் தோள்கள் குலுங்கின. மினெகோ எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. அவன் முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள். மாலை ரயிலுக்கு அவனைக் குனியோ தன் காரில் கொண்டுபோய் விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மினெகோவும் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் ஓர் அட்டை வரும். இவளும் ஒன்று போடுவாள். வானிலையைப் பற்றி எழுதுவார்கள்.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பே மினெகோ திடல் நிர்வாகியின் அறைக்குப் போய், குதிரை முதுகின் உச்சிக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக வலை கட்டி எல்லோரையும் வளைந்து போகவைக்க வேண்டும் என்று கேட்டாள். அப்படிக் கட்டினால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள் என்றார் நிர்வாகி. முணுமுணுக்கட்டும், உயிரோடு இருந்து முணுமுணுக்கட்டும் என்றாள். பனி தினமும் விழுகிற இடத்தில் வலையைத் தினமும் பிடுங்கி நட வேண்டும், அதற்கு ஆள் இல்லை என்றார். நான் நடுகிறேன் என்றாள். ஹோஷினா அவள் பக்கம் நின்றார்.

இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதல் லிஃப்டில் மீட்புக் குழுவோடு ஏறிப் போய், மூங்கில் கழிகளைத் தட்டி நட்டு, ஆரஞ்சு வலையை இழுத்துக் கட்டிவிட்டு, ஒன்பது மணிக்குள் அடுப்படிக்கு வந்துவிடுவாள். கைபேசியை மேலே எடுத்துப் போவதில்லை. உணவுக்கூடத்திலிருந்து யாரும் சரிவில் இருக்கிறவர்களைக் கூப்பிடுவதும் இல்லை. ஃபுசாயே ஒரு நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் அன்னிக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா உனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றாள். "தெரிஞ்சதே நல்லது" என்றாள் மினெகோ. அது உண்மையா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. தொமோயே கல்யாணமாகி ஹொக்கைதோவுக்குப் போய்விட்டாள்.

பலகையில் மினெகோ பெரிய கைகாரி ஆகவில்லை. விரல் பக்கத் திருப்பம் இன்றும் கொஞ்சம் கோணல்தான். ஆனால் இந்த ஜனவரியில் ஒரு காலை, முந்தின நாள் முழுக்கப் பெய்த பனியில் ஒரு கோடுகூட விழுந்திருக்கவில்லை. வலையைக் கட்டிவிட்டு அவள் தனியாக இறங்கினாள். முழங்கால் அளவு பொடிப்பனி. காலுக்கடியில் சத்தமே இல்லை. பின்காலில் எடையைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பலகை மிதந்து எழுந்து, தானாகத் திரும்பி, மறுபடி மிதந்தது. நினைக்காமலே அடுத்தது, அடுத்தது. உடம்பில் எடையே இல்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. தான் சிரிக்கிறோம் என்று அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

இதைத்தான் ஷிஹோ சொன்னாள். சாப்பாட்டு மேசையில், வாயில் சோற்றோடு, கையை ஆட்டி ஆட்டி, பதினான்கு வருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மினெகோ ஓரத்துக்குப் போய், மரங்களுக்கு அருகில், மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு நின்றாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒருத்தி இல்லை. குனியோவிடம் சொல்லலாம், அவன் 'ம்' என்பான்.

கீழே உணவுக்கூடத்தின் புகைபோக்கியில் புகை கிளம்பிவிட்டது. ஃபுசாயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மினெகோ இறங்கத் தொடங்கினாள். வெங்காயம் வெட்ட வேண்டும், இரண்டு கூடை.